திட்டு வாங்காத கலவை

1

அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். முதல் படத்தில் இரண்டு செங்கற்கள், நடுவே காய்ந்த கலவையோடு ஒட்டி நின்றன. இரண்டாவது படத்தில் அதே செங்கற்கள் தனித்தனியாகக் கிடந்தன. நடுவே இருந்த கலவை மாவாகி அவள் உள்ளங்கையில் இருந்தது. கீழே ஒரே வரி: “இதான் உன் ஜெர்மன் கலவ.”

அன்றோடு நான் ஜெர்மனிக்கு வந்து ஆறு ஆண்டுகள். தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, அதற்கு அடுத்த ஆண்டு வந்தவள் நான். ஆறாண்டு நிறைவுக்காக ஆய்வகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இந்த ஊரில் யாருக்கு விசேஷமோ அவரே கேக் வாங்கி வந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கத்தியைக் கையில் எடுத்தபோதுதான் படம் வந்தது. அதற்குப் பிறகு யார் எத்தனை துண்டு எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கோபம் வந்தது. கலவை மேல் இல்லை, அக்கா மேல். அளவு தப்பாகப் போட்டிருப்பாள், சொன்னதைக் காதில் வாங்கியிருக்க மாட்டாள் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். எட்டு மாத உழைப்பை எட்டு நிமிடத்தில் உதிர்த்துப் படம் எடுத்து அனுப்புகிறாளே என்று பொருமினேன்.

அந்தக் கலவையில் என்ன இருக்கிறது, அதன்மேல் என் குடும்பம் எப்படி நிற்கிறது என்பதைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

2

எங்கள் பக்கத்து நெய்வேலியில், அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடக்கும் சாம்பலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுக்குப் பதிலாக அந்தச் சாம்பலை வைத்து, மலிவாகவும் உறுதியாகவும் சுவர் கட்ட ஒரு கலவை செய்ய வேண்டும். இதுதான் எங்கள் திட்டம். போலந்து எல்லையை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில் வேலை. இங்கும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, எங்கள் ஊர் மாதிரியே பல்சக்கர இயந்திரம் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. ஊரை விட்டு வந்தாலும் லிக்னைட் என்னை விட்டபாடில்லை.

சாம்பல் இங்கே வந்து சேர்ந்த கதை தனி. சாம்பல் செங்கல் பட்டறை வைத்திருக்கும் ஒரு தெரிந்தவர் அனுப்பிய சிறு மூட்டை, சுங்க அலுவலகத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தது. “இது சரக்கா, கழிவா?” என்று கேட்டார்கள். கழிவென்றால் நாட்டுக்குள் விட ஒரு துறை அனுமதிக்க வேண்டும். சரக்கென்றால் அதற்கு விலை வேண்டும். விலையில்லாத சரக்குக்கு அவர்களிடம் படிவமே கிடையாது. நான் என் ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளி விடுமுறை என்பதால் கூட வந்திருந்த என் எட்டு வயது மகள் நிலா, அதிகாரியின் எதிரிலேயே, “அம்மா, சாம்பல் பெண்பால். நீ ஆண்பாலில் சொல்கிறாய்” என்று ஜெர்மனிலேயே திருத்தினாள். அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் தயவில்தான் மூட்டை வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

கலவையைத் தேடுவது நான் இல்லை, ஓர் இயந்திரம். காலை ஏழு மணிக்கு நான் போய்ச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் ஆகியவற்றை அதன் தொட்டிகளில் நிரப்ப வேண்டும். மற்றதெல்லாம் அதன் கை பார்த்துக்கொள்ளும். எடை போடும், தண்ணீர் சேர்க்கும், கலக்கும், சிறு அச்சுகளில் ஊற்றும். ஓர் ஊசியை அடிக்கடி இறக்கிக் கலவை எப்போது இறுகுகிறது என்று பார்க்கும். மீதியைச் சூட்டுப் பெட்டியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் நசுக்கி வலிமையை அளக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கலவை. அந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த பன்னிரண்டை மென்பொருளே தேர்ந்தெடுக்கும். கை குனிந்து நிமிர்வதைப் பார்த்து நிலா அதற்குக் கொக்கு என்று பேர் வைத்தாள். அவள் வாயில் தானாக வரும் தமிழ்ச் சொற்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் அந்தப் பேரை நான் விடாப்பிடியாக ஆய்வகம் முழுக்கப் பரப்பிவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், கொக்குக்கு நாங்கள் கேட்டது ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு. சுவர் உறுதியாக இருக்க வேண்டும். கலவையும் கொத்தனார் கையில் ஒரு மணி நேரமாவது இளக்கமாக இருக்க வேண்டும். எங்கள் சாம்பலில் இயல்பிலேயே சுண்ணாம்பு அதிகம், அதனால் சட்டென்று இறுகிவிடும். இறுகுவதைத் தள்ளிப்போட எலுமிச்சை உப்பு சேர்த்தால் வலிமை இறங்கிவிடும். முதல் வாரம் நான் புத்திசாலித்தனமாக இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டி, அதை உயர்த்து என்று சொன்னேன். அது நேரத்தைக் கைகழுவிவிட்டு, பதினொரு நிமிடத்தில் கல்லாகும் ஒரு கலவையைக் கொண்டுவந்து நிறுத்தியது. மதிப்பெண்படி அதுதான் முதல் ரேங்க். கொத்தனாரின் கரண்டியோடு சேர்ந்து இறுகிப்போகும்.

பிறகு இரண்டையும் தனித்தனியாகவே வைத்துத் தேடச் சொன்னேன். ஒவ்வொரு கலவையும் திரையில் ஒரு புள்ளி. ஆயிரத்துக்கு மேல் புள்ளிகள் விழுந்தபோது, மேல் விளிம்பில் ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டில் இருக்கும் எந்தக் கலவையிலும், ஒன்றைக் கூட்ட வேண்டுமென்றால் மற்றதைக் குறைத்தே ஆக வேண்டும். எது வேண்டும் என்று இயந்திரம் சொல்லாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். நிதி கொடுத்தவர்களுக்கு வாக்களித்த வலிமையும் இருந்தது, ஒரு மணி நேர அவகாசமும் இருந்தது. அப்படி ஒரு புள்ளியை எடுத்து, மூட்டை அனுப்பியவரிடமே சாம்பலும் மற்றதும் வாங்கி இரண்டு செங்கல்லை ஒட்டிப் பார்க்கச் சொல்லி, செய்முறையை ஊரில் கட்டட வேலை செய்யும் அக்காவுக்கு அனுப்பினேன்.

திட்டம் முடிய ஆறு வாரம் இருந்தது. வாக்களித்த எண்ணைக் காட்டினால் இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்பு. என் ஒப்பந்தத்தோடுதான் என் விசா, என் கணவர் செந்திலின் விசா, நிலாவின் பள்ளி எல்லாம் முடிச்சுப் போட்டிருக்கிறது. செந்தில் காலையில் பேக்கரியில் அரை நேர வேலை, மாலையில் மொழி வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தார். என் சம்பளம் நின்றால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

3

என் அக்கா பெயர் தனம். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் இல்லாத குடும்பம். பத்தாம் வகுப்போடு அக்கா சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பராமரிப்பில், ஒரு கான்ட்ராக்டரிடம் அதே வேலைதான். என்னைச் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. வரை படிக்க வைத்ததில் பாதி அவளுடைய கூலி. அதை ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டாள். சொல்லிக்காட்ட அவளுக்கு வேறு ஆயிரம் இருக்கிறது.

போன் போட்டேன்.

“இன்னாக்கா பண்ணின? எழுதிக் குடுத்த மாதிரி தண்ணி அளந்தியா, இல்லியா?”

“அளந்துதான்டி ஊத்துனேன். எலுமிச்ச உப்ப மளிகக் கடையில நிறுத்து வாங்கியாந்தேன். இன்னா, ஊறுகா போடப் போறியான்னு கடக்காரர் கேட்டுகினே இருந்தாரு.”

“அப்புறம் எப்பிடி மாவா போச்சு?”

“எனக்கு இன்னா தெரியும்? முருகேசு டீ குடிக்கப் போயிட்டு வந்தான். கலவ வெறப்பா இருக்குதுன்னான். தண்ணி தெளிச்சிப் பொரட்டிக் குடுத்தேன். கட்டுனான்.” முருகேசு என்பவர் அவளோடு வேலை செய்யும் கொத்தனார்.

“தண்ணி தெளிச்சியா? உன்ன யாரு தெளிக்கச் சொன்னா? பாதி இறுகின கலவையில தண்ணி பட்டா கட்டு வுட்டுடும்க்கா. எல்லாத்தையும் கெடுத்து வச்சிட்டியே!”

அக்கா குரலைத் தணித்தால் நான் பயப்பட வேண்டும் என்று அர்த்தம்.

“ஏன்டி,” என்றாள் மெதுவாக, “நீ தெளிச்சதே இல்லியா?”

4

தெளித்திருக்கிறேன்.

பிளஸ் டூ முடித்த விடுமுறையிலிருந்து பி.எஸ்சி. முடிக்கும் வரை நான்கு கோடைகள், அக்காவோடு நானும் சித்தாளாகப் போனேன். குவார்ட்டர்ஸ் மாடியில் வெடித்த பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசும் வேலை. தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, இரண்டு மாடிப் படி, பிறகு சாரம். கலவை போடுவது ஒரு நேரம், மேலே போய்ச் சேர்வது ஒரு நேரம். இடையில் கொத்தனார் பீடி குடிப்பார், மேஸ்திரியோடு பேசுவார், டீக்குப் போவார். அவர் திரும்பி வரும்போது சட்டியில் இருப்பது இறுகத் தொடங்கியிருக்கும். கரண்டியால் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“இன்னா பாப்பா, கலவ கொண்டாரச் சொன்னா கல்லு கொண்டாந்து வச்சிகினு இருக்க?”

இறுகியது என் குற்றம் இல்லை. ஆனால் திட்டு எனக்குத்தான். அந்தக் கலவையைக் கொட்டிவிட்டுப் புதிது போடலாம் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சிமெண்டு வீணானால் மேஸ்திரி விடும் வசவு சாரத்துக்குக் கீழே நிற்பவர்களுக்கும் கேட்கும். அதனால் வாளியில் கையை விட்டு, இரண்டு மூன்று தரம் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் புரட்டிக் கொடுப்போம். கலவை இளகிவிடும். கொத்தனார் வாய் மூடிவிடும். நூறு முறை செய்திருப்பேன். எங்கள் பக்கத்தில் எந்தச் சித்தாளும் யோசித்துச் செய்வதில்லை அதை. தும்மல் வந்தால் தும்முவது போலத்தான்.

அக்கா கேட்ட பிறகு, நான் சாப்பாட்டு அறையில் அரை கேக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கொக்கு இருக்கும் அறையை முப்பத்தெட்டு டிகிரியில் வைக்கச் சொன்னது நான்தான். “உங்கள் இருபது டிகிரியில் எங்கள் ஊரில் யாரும் சுவர் கட்டுவதில்லை” என்று எல்லோர் முன்னிலும் பெருமையாகப் பேசியதும் நான்தான். ஊர் வெயிலை நினைவில் வைத்திருந்தேன். அந்த வெயிலில் நின்று தண்ணீர் தெளித்த என் கையை மறந்துபோனேன். எட்டு மாதமாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. அக்கா செய்தது தப்பு இல்லை. அவள் எப்படிச் செய்வாள் என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு, அதைச் செய்தவள் நான்.

நிலாவிடம் இதைச் சொன்னபோது அவள் ஜெர்மனில் கேட்டாள்: “கெட்டுப்போனதை ஏன் தூக்கிப் போடவில்லை?”

“திட்டுவாங்க.”

“திட்டினால் புகார் எழுதிக் கொடுக்கலாமே. அதற்கு அங்கே படிவம் இல்லையா?”

அவளை அணைத்துக்கொண்டேன். அவள் திட்டு வாங்காமல் வளர்வதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அவள் அம்மாவும் பெரியம்மாவும் நின்ற இடம் அவளுக்கு ஒரு நாளும் கண்ணில் தெரியாது என்பது வலித்தது.

5

மறுநாள் காலை யூர்கனின் அறைக்குப் போனேன். அவர் எங்கள் குழுத் தலைவர், நல்ல மனிதர், எண்களை நம்புகிறவர். இரண்டு இலக்கு போதாது, மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றேன். பாதி இறுகிய பிறகு தண்ணீர் தெளித்துப் புரட்டினாலும் எவ்வளவு வலிமை மிஞ்சுகிறது என்பதையும் கொக்கு அளக்க வேண்டும்.

“அப்படிச் செய்யக் கூடாது என்று மூட்டையில் எழுதிவிடலாமே” என்றார்.

“எழுதலாம். கொத்தனார் அதைப் படிப்பார். படித்துவிட்டு என் அக்காவைத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்.”

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கலவையையும் இரண்டு விதமாகச் சோதித்தால், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்பது ஆறாகக் குறையும். மீதம் இருப்பது ஆறு வாரம், அதில் கடைசி இரண்டு வாரம் அறிக்கைக்கு. “வாக்களித்த எண் கையில் இருக்கிறது. இப்போது இதைத் தொடங்கினால் அந்த எண்ணையும் இழக்கலாம். உன் நீட்டிப்பு அதில்தான் இருக்கிறது, தெரியும் அல்லவா?”

“தெரியும். தொடங்குகிறேன்” என்றேன்.

எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று கொக்குக்குச் சொல்ல வேண்டுமே. ஒரு கைத் தெளிப்பு எவ்வளவு என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. தராசின்மேல் ஒரு தட்டை வைத்து, பக்கத்தில் வாளி வைத்து, நானே ஐம்பது முறை தெளித்து எடை போட்டேன். ஆய்வக உதவியாளர்கள் இருவர் வாசலில் நின்று, எங்கள் ஊர்ப் பூஜை ஏதோ நடக்கிறது என்பது போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சந்தேகம் வந்து, அக்காவையும் தெளிக்கச் சொன்னேன். அவள் மளிகைக் கடைத் தராசை அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கி, வீடியோவில் தெளித்துக் காட்டினாள். என் தெளிப்பைவிட அவளுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“உன் கை சுருங்கிப் போச்சுடி” என்றாள்.

அவளுடைய அளவையே கொக்குக்குக் கொடுத்தேன்.

முதல் வாரம் அடி மேல் அடி. கோட்டின் உச்சியில் பெருமையாக உட்கார்ந்திருந்த கலவைகள் எல்லாம், தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. நான் அக்காவுக்கு அனுப்பியதும் அதில் ஒன்று. இரண்டாவது வாரம், இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலையிலிருந்து, ஜிப்சம் அதிகமும் சுண்ணாம்பு குறைவுமான சில புள்ளிகள் மெல்ல மேலே வந்தன. தனியாகப் பார்த்தால் எதிலும் முதல் ரேங்க் இல்லை. ஆனால் இரண்டு முறை தெளித்துப் புரட்டினாலும் பிடியை விடவில்லை. நான்காவது வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதன் வலிமை, வாக்களித்த எண்ணைவிடக் குறைவு. அதிகம் இல்லை, ஆனால் குறைவு குறைவுதான்.

அந்தச் செய்முறையை அக்காவுக்கு அனுப்பி, உன் இஷ்டம்போலச் செய் என்றேன். வீட்டுக்குப் பின்னால் குளியலறைக்கு ஒரு சுவர் எழுப்பிக்கொண்டாள். பத்து நாள் கழித்துப் பேசினாள்.

“ரெண்டு வாட்டி தெளிச்சேன். வேணும்னுதான் தெளிச்சேன். முருகேசு நேத்து கடப்பாரையில ஒரு மூலையத் தட்டிப் பாத்தான். செங்கல்லுதான் பேந்துது, கலவ அப்பிடியே நிக்குது.”

“முருகேசு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அதான் அதிசயம். நாளெல்லாம் ஒரு திட்டு இல்ல.”

6

அறிக்கைப் படிவத்தில் கட்டங்கள் இரண்டே இரண்டு. அடைந்த வலிமை, கையாளும் நேரம். மூன்றாவது இலக்குக்குக் கட்டம் இல்லை. திட்டம் எழுதியபோது நாங்கள் அதை நினைக்கவில்லை, அதனால் படிவமும் நினைக்கவில்லை.

யூர்கன் தணிந்த குரலில்தான் சொன்னார். “முதல் கலவையின் எண்ணைக் கட்டத்தில் போடு. அது பொய் இல்லை. இயந்திரம் அளந்தது. புதிய கலவையைப் பற்றிப் பின்னிணைப்பில் எழுதிக்கொள்.”

பொய் இல்லைதான். வீட்டுக்கு வந்து செந்திலிடம் சொன்னேன். அவர் பேக்கரி மாவு ஒட்டிய சட்டையோடு அடுப்பருகே நின்றுகொண்டிருந்தார். “அந்த எண்ணப் போட்டாத்தான் இன்னா? நிலாவுக்கு இங்க தோழிங்கல்லாம் கெடச்சி இப்பதான் ஒரு வருசம் ஆவுது” என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் அந்த எண்ணைப் போட்டால், அதைப் பார்த்து யாராவது அந்தக் கலவையை மூட்டையில் அடைத்து விற்பார்கள். எங்கோ ஒரு சித்தாள் அதில் தண்ணீர் தெளிப்பாள். சுவர் உதிர்ந்தால் கேள்வி என்னிடம் வராது, யூர்கனிடமும் வராது. அவளிடம்தான் போகும்.

மறுநாள் கட்டத்தில் குறைந்த எண்ணைப் போட்டேன். தண்ணீர் தெளித்த பிறகு மிஞ்சும் வலிமை என்று பக்கத்தில் எழுதினேன். சோதனையை வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரைச் சேர்த்தேன். தகுதி என்று கேட்டிருந்தது. கட்டுமானத் தொழிலாளி, இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்று எழுதினேன். யூர்கன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை என்றைக்கும் மதிப்பேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இலக்கு எட்டப்படவில்லை, எனவே மூன்று ஆண்டு நீட்டிப்பு இல்லை. ஆனால் மூன்றாவது இலக்கு கவனிக்கத்தக்கது என்பதால், அதை மேலும் நிரூபிக்க ஆறு மாதம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சீட்டு எடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மூன்று பேருடைய விசா அட்டைகளிலும் ஆறு மாதம் என்று போட வைத்து வாங்கினேன். அங்கிருந்த பெண்மணி, “இவ்வளவு குறைவாகவா?” என்று கேட்டார். அவர் கனிவாகத்தான் கேட்டார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டே அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தாள். பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மாதம்தான் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை, மூன்று பேரையும் நட்டாற்றில் விட்டுவிட்டேனோ என்று அழுதேவிட்டேன்.

அக்கா முழுக்கக் கேட்டாள்.

“ஆறு மாசமா?” என்றாள். “எனக்கு இருவத்திரெண்டு வருசமா மூணு மூணு மாசமாத்தான்டி கான்ட்ராக்ட் போட்டுகினு இருக்கானுங்க. மூக்கத் தொடச்சிகினு வேலையப் பாரு.”